பாண்டிச்சேரிக்காரனுக்கு ஒரு பரீட்சை

"வால்யூமை ஏத்துப்பா. நீ சொல்றது சரியான்னு நான் செக் பண்ண வேண்டாமா?" என்றார் சிவராமகிருஷ்ணன்.

இளமாறன் வேண்டா வெறுப்பாக ரிமோட்டை அழுத்தினான். பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறது என்று சொல்லித்தான் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தான். சனிக்கிழமை மத்தியானம் அமெரிக்காவில் ஈஸ்ட் பிரன்ஸ்விக் அபார்ட்மென்ட்டுக்கு மேனேஜர் வந்து, சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் எவனுக்கு நல்லது நடந்திருக்கிறது?

விஷயம் இதுதான். ஆள் அனுப்பும் கம்பெனி, இளமாறன் பாண்டிச்சேரிக்காரன் என்ற ஒரே காரணத்துக்காக அவன் ரெஸ்யூமேயில் 'பிரெஞ்சு சரளமாகத் தெரியும்' என்று எழுதித் தள்ளிவிட்டது. கிளையன்ட் பிரெஞ்சுக் கம்பெனி. பயலுக்குத் தெரிந்ததோ வணக்கமும் நன்றியும்தான். டிவி பார்த்தே ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம் என்று முந்தின நாள்தான் பால்கனியில் டிஷ் வைத்தான். வைத்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்தானா? பிரெஞ்சு சேனலில் உலகக் கோப்பைக் கால்பந்து பார்க்கப் போவதாக ஆபீஸில் அளந்துவிட்டான்.

சிவராமகிருஷ்ணன் மெட்ராஸில் நாலு வருஷம் பிரெஞ்சு படித்தவராம். கிளையன்ட் அனுப்பும் கடிதங்களை அவர்தான் படித்து அர்த்தம் சொல்வார். அந்தப் பவிசில்தான் மேனேஜர் நாற்காலி. "நானே வரேன். கமென்டரி கேட்டு டிரான்ஸ்லேட் பண்ணு, பார்ப்போம்" என்று கிளம்பி வந்துவிட்டார். தேறாவிட்டால் ப்ராஜெக்ட் போகும், வேலை போகும், விசாவும் போகும்.

"பேசாம உண்மையைச் சொல்லித் தொலைங்களேன்" என்றாள் அவன் மனைவி வான்மதி, சமையலறையில் குரலைத் தாழ்த்தி.

"மாட்டேன். ஜாவாவையே நியூவார்க் ஏர்போர்ட்லேர்ந்து வர்ற வழியில படிச்சவன் நான். பிரெஞ்சு என்ன பிரமாதம்? நீ மிக்ஸியைப் போடு."

அவள் சட்னி அரைக்க ஆரம்பித்தாள். கமென்டரி காதில் விழவில்லை. ஒரு நிமிஷம் இளமாறனுக்கு உயிர் வந்தது.

"சட்னி வேண்டாம்மா. இட்லிக்கு மிளகாய்ப்பொடி போதும். நீயும் வந்து உட்காரு" என்று மிக்ஸிக்கு முற்றுப்புள்ளி வைத்தார் மேனேஜர்.

திரையில் மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் தரையில் உருண்டான்.

"என்ன சொல்றான்?"

"அடி பலமாம் சார். ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகணுமாம்."

அடிபட்டவன் எழுந்து குதிரை மாதிரி ஓடினான்.

"நடிக்கிறான்னும் சொன்னாங்க சார்" என்றான் இளமாறன், கண் சிமிட்டாமல்.

"சொல்லவே இல்ல. புல் ஈரமா இருக்காம், வழுக்குதாம். கோட்டை விட்டுட்ட." சிவராமகிருஷ்ணன் இட்லியை விண்டு வாயில் போட்டுக்கொண்டார். "இருந்தாலும் பிரெஞ்சுக்காரன் கவரேஜே தனி. அமெரிக்காக்காரனுக்கு சாக்கர்னா என்னன்னே தெரியாது. இவன் பேச்சைக் கேளு, என்ன நாசூக்கு."

இளமாறன் வான்மதிக்கு ஜாடை காட்டினான். அவள் பெட்ரூமுக்குள் போய் டிஷ் கம்பெனிக்குப் போன் போட்டாள். படமே வரவில்லை, கனெக்‌ஷனைக் கட் பண்ணுங்கள் என்று கெஞ்சிவிட்டுத் திரும்பி வந்தவளின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"கட் பண்ண மாட்டாங்களாம். நேத்து டிஷ் மாட்டின ஆளு பக்கத்துத் தெருவுலதான் இருக்காராம், இப்பவே வராராம்" என்று அவன் காதில் சொன்னாள்.

மஞ்சள் சட்டை கோல் போட்டது. கமென்டரிக்காரர் மூச்சு விடாமல் அரை நிமிஷம் கத்தினார்.

"கோல்ங்கிறார் சார்."

"எனக்குக் கண்ணு இல்லையா? அதுக்கப்புறம் சொன்னது?"

"தப்பு கோல்கீப்பர் பேர்லதானாம்."

"டிஃபென்டர் பேர்லன்னு சொன்னான். தெளிவா சொன்னான்."

இளமாறனுக்குச் சுருக்கென்றது. பொய்தான் சொன்னான், அதற்காக இந்த மனுஷனிடம் தலை குனிவதா?

"கோல்கீப்பர்தான் சார். நான் பாண்டிச்சேரியில பொறந்தவன். எங்க தெருவுக்கே பிரெஞ்சுப் பேரு."

"தெருவுக்குப் பேரு இருந்தா உனக்கு பிரெஞ்சு வந்துடுமா?"

அழைப்பு மணி அடித்தது. வான்மதி கதவைத் திறந்தாள். பெல்ட்டில் கருவிகள் தொங்க டெக்னீஷியன் உள்ளே வந்தார். டிவியில் படம் ஜம்மென்று ஓடுவதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ஒன்றும் கேட்காமல், கையிலிருந்த காகிதத்தைப் படித்தபடி, டிவி பெட்டிக்குக் கீழே இருந்த ரிசீவரை நோண்டத் தொடங்கினார். படம் ஒரு கணம் அணைந்தது.

சிவராமகிருஷ்ணனுக்கு அவர் ஒரு பொருட்டாகவே படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அரை மணி நேரமா கேட்டுட்டேன். அந்த ஆள் பேசினதுல ஒரு வார்த்தை உனக்குப் புரியல. எனக்கு ஒரு வார்த்தை தப்பல. திங்கட்கிழமை முதல் வேலை, உன் பேரை ப்ராஜெக்ட்லேர்ந்து எடுக்கிறதுதான்."

வான்மதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இளமாறன் நிமிர்ந்து நின்றான்.

"எடுங்க சார். ஆனா தப்பு கோல்கீப்பர் பேர்லதான்."

டெக்னீஷியன் எழுந்து, இரண்டு பேரையும் பார்த்து, ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார்: "நேத்து மாத்திப் போட்டுட்டேன் சார், இவ்வளவு நேரம் ஓடினது போர்ச்சுகீஸ் சேனல், நீங்க கேட்ட பிரெஞ்சு இனிமேதான் வரும்."