தொட்டி மணிக்கு ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டிதான் நலமாக இல்லை. அது பற்றியே இந்தக் கடிதம்.

நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறேன். என் அப்பா உங்கள் மின்னணுவியல் பத்திரிகையின் பழைய சந்தாதாரர். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை; மாலையில் சாலிடரிங் அயர்னும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். உங்கள் இதழ்கள் என் கட்டிலைச் சுற்றித்தான் அடுக்கியிருக்கின்றன. கதைப் புத்தகம் தீர்ந்தால் அவற்றைத்தான் படிப்பேன். அடியில் இருப்பவை அப்பா பிறப்பதற்கும் முந்தியவை, பழைய புத்தகக் கடையில் வாங்கியவை. அவற்றின் அட்டையில் டை கட்டிய ஒருவர் வால்வு ரேடியோவைப் பார்த்துச் சிரிப்பார். கொஞ்சம் மேலே வந்தால் டிரான்சிஸ்டர் வந்து, ரேடியோ சட்டைப் பைக்குள் போய்விடும். அதற்கும் மேலே சிப். பிறகு வீட்டிலேயே கணினி செய்யலாம் என்று நீங்கள் தைரியம் சொல்வீர்கள். எது மாறினாலும் கடைசிப் பக்கத்தில் ‘திருத்தம்’ என்ற சின்னப் பெட்டி மட்டும் மாறவே இல்லை. போன இதழில் செய்த பிழையை மறைக்காமல் சொல்லும் பெட்டி. எங்கள் பாடப்புத்தகத்தில்கூட அப்படி ஒன்று கிடையாது.

தொல்லையே அந்தப் பெட்டியால்தான் ஐயா. தொட்டி நிரம்பினால் ஒலிக்கும் மணி செய்யும் முறையை, நான் நடை பழகிய காலத்தில் வெளியிட்டீர்கள், அப்பாவும் படத்தில் உள்ளபடியே செய்தார், அது அம்மா மிக்ஸி போட்டால் அடிக்கிறது, கீழ்வீட்டு மாமா ஃபேனை நிறுத்தினால் அடிக்கிறது, தொட்டி நிரம்பும்போது மட்டும் தவத்தில் இருக்கிறது, போன வாரம் தண்ணீர் வழிந்து மாமா காயப்போட்ட போர்வையெல்லாம் நனைந்து அவர் மேலேறி வந்து, “உங்க மணி அடிச்சா தூக்கம் போகுது, அடிக்கலைன்னா போர்வை போகுது. எது போகணும்னு நீங்களே சொல்லுங்க சார்” என்றார்.

அவர் போனதும் அம்மா, “அந்த டிரான்சிஸ்டரைத்தான் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாருங்களேன்” என்றார்.

“அச்சுல வந்ததை நாமளா மாத்தறதா? டாக்டர் எழுதின சீட்டை நீ திருத்துவியா? தப்புன்னா அவங்களே போடுவாங்க. திருத்தம் வரும்.”

“இவ நடை பழகும்போது சொன்னீங்க. இப்ப சைக்கிள் ஓட்டறா.”

அம்மா என் கட்டிலைச் சுற்றியிருந்த அடுக்கைக் காட்டினார்.

“மாசக் கடைசியில பழைய பேப்பர்காரர் வரார். ஒண்ணு திருத்தம் வரணும், இல்ல புக்கு போகணும்.”

அப்பா ஓர் இதழை எடுத்து, அட்டையைத் துணியால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். என்னால் பார்க்க முடியவில்லை. அவர் உங்களை மிகவும் நம்புகிறார் ஐயா. மாசக் கடைசிக்குள் அந்தத் திருத்தத்தை அனுப்பி வையுங்கள். பிழை என்று ஒரு வரி போதும்.

உங்கள் அலுவலகத்தில் எந்த இணைப்பும் விட்டுப்போகாமல் இருக்க வேண்டிக்கொள்ளும்,
சந்தாதாரர் மகள்.

பி.கு.: மேலே எழுதியதை மன்னித்து மறந்துவிடுங்கள். உறையை ஒட்டும் முன், எதற்கும் பார்ப்போம் என்று அந்த மணி வந்த இதழுக்கு அடுத்த இதழை எடுத்தேன். அப்பா எப்போதும் தாண்டிவிடும் பொருளடக்கத்தில் ‘திருத்தம்: தொட்டி மணி, கடைசிப் பக்கம்’ என்று இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் சதுரமாக ஒரு ஜன்னல்தான் இருக்கிறது. ஓர் இதழும் தவறக்கூடாது என்று, இதழ் வந்ததுமே சந்தா கூப்பனை வெட்டித் தபாலில் போட்டுவிட்டுத்தான் அப்பா படிக்கவே உட்காருவார். அந்த இதழில் மட்டும் கூப்பனுக்குப் பின்பக்கம் திருத்தம். ஆகவே அது இத்தனை வருடமாக உங்களிடமே இருக்கிறது. நான் காட்டியதும் அப்பா அந்த ஜன்னல் வழியாக அம்மாவைப் பார்த்தார். அம்மா சிரித்துவிட்டு, பேப்பர்காரரை வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னார். “அந்த ஆபீஸ்லயும் இவரை மாதிரி ஒருத்தர் இருப்பார். எந்தக் கூப்பனையும் தூக்கிப் போட்டிருக்க மாட்டார். தேடிப் பார்க்கச் சொல்லு.”