ஆப்பிரிக்காவை வழிமொழிந்தவர்

1984 ஆகஸ்ட் மாதத்து ஞாயிறு ஒன்றில், காலை பதினொன்றே காலுக்கு, ஜேம்ஸ் விநாசித்தம்பி ஆப்பிரிக்காவை வழிமொழிந்தார்.

சபைக் கூட்டங்களில் அவர் எதையும் முன்மொழிந்ததில்லை. யாராவது முன்மொழிந்தால் "வழிமொழிகிறேன்" என்பார். கூட்டம் சீக்கிரம் முடியும். சாப்பாட்டுக்கு வீடு போகலாம். அன்று போதகர் மேலிடத்துச் சுற்றறிக்கையைப் படித்துவிட்டு, ஆப்பிரிக்காவின் சாயிர் நாட்டில் இரண்டு வார ஊழியத்துக்கு ஐந்து பேர் போகலாமென்று முன்மொழிந்தார். விநாசித்தம்பி வழக்கம்போல் வழிமொழிந்தார். ஊழியமென்றால், வழிமொழிந்தவர் பெயரைத்தான் பட்டியலில் முதலில் எழுதுவார்கள். அந்த விதி தன் பெயரை எழுதிய பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"விநாசித்தம்பியா போறாரு?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். பல்லியைக் கண்டால் நாற்காலியில் ஏறி நிற்பவர் அவர்.

அதன் பிறகு மளமளவென்று பெயர்கள் விழுந்தன. ஓய்வுபெற்ற தாதி யோகம்மா, ஆசிரியர்கள் இருவர், கடைசியில் போதகர். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே குழு விமானச் சீட்டு. ஒருவர் விலகினால் பயணமே ரத்து.

விநாசித்தம்பி விலகத்தான் விரும்பினார். ஆனால் நாலு பேருடைய ஊழியத்தைக் கெடுத்தவன் என்ற பெயர் வேண்டாம். கெடுப்பதானால் கடவுளே கெடுக்கட்டும்.

திங்கட்கிழமை அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

சபையில் ஜெபச் சங்கிலி உண்டு. நோய் என்று கேள்விப்பட்டவர் தொலைபேசியில் ஒருவருக்குச் சொல்ல வேண்டும்; அவர் அடுத்தவருக்கு. மாலைக்குள் பாயான் பாருவிலிருந்த அவர் வீட்டு வாசலில் செருப்பு விட இடமில்லை. யோகம்மா அவர் காலைத் தூக்கிப் பார்த்தார்.

"வலிக்குதா தம்பி?"

"ஆமாக்கா."

"இன்னும் தூக்கட்டா?"

"ஐயோ!"

"பாவம் லா. நீ எந்திரிக்கவே கூடாது."

யோகம்மாவின் முகம் பிரகாசமாக இருந்தது. விசுவாசம் என்று விநாசித்தம்பி நினைத்துக்கொண்டார்.

மூன்று நாள் கஞ்சி குடித்தார். நாலாம் நாள், மனைவி செல்வநாயகி காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனதும், பஸ் ஏறி கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போனார். நாசி கண்டார் சோற்றுத் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொல்லிவிட்டுத் திரும்பினால், பக்கத்து மேசையில் போதகர்.

"பிரதர், நடக்கிறீங்க?"

பொய் சொன்னவனாக நிற்பதைவிட அற்புதம் நடந்தவனாக நிற்பது மேல்.

"சுகமாயிட்டேன் பாஸ்டர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கொஞ்சம்கூட வலி இல்லையா? குனிஞ்சா? மாடி ஏறினா?"

"துளிகூட இல்ல."

போதகர் கோழித்துண்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார்.

ஞாயிறன்று விநாசித்தம்பி சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று. சபை அழுதது. எல்லாரையும்விட அதிகமாகப் போதகர் அழுதார்.

அடுத்து, விடுப்புக் கிடைக்காது என்று நம்பினார். அவர் வேலை பார்த்த கப்பல் கம்பெனியில் நெருக்கடியான மாதம் அது. முதலாளி முகம்மது சுல்தான், யாராவது மனைவிக்குப் பிரசவம் என்று லீவு கேட்டாலே "ஒங்களுக்கா பிரசவம்?" என்று கேட்பவர்.

"எதுக்கு லீவு?"

"ஊழியம், முதலாளி. ஆப்பிரிக்கா. முடியாதுன்னா பரவாயில்ல."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.

"கடவுள் காரியத்துக்கு நான் குறுக்க நிக்கவா? இன்னொரு வாரம் சேர்த்து எடுத்துக்குங்க லா."

"இங்க வேலை கெடக்கே, முதலாளி?"

"அத நான் பாக்கிறேன். நீங்க எனக்கும் சேர்த்துக் கும்பிடுங்க."

மிச்சமிருந்தது செல்வநாயகியின் கண்ணீர் மட்டும்.

"போகாதீங்கன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா நான் போக மாட்டேன்."

"நான் ஏன் சொல்லணும்? நேத்து மார்க்கெட் ஸ்ட்ரீட் சேலைக்கடையில எனக்கு நாற்காலி போட்டாங்க. ஆப்பிரிக்கா போறவர் சம்சாரமாம். ஒங்களக் கட்டி இத்தன வருஷத்துல ஒரு ஸ்டூலாச்சும் கண்டேனா?"

"அங்க பாம்பு இருக்கும் செல்வி."

"இருந்துட்டுப் போகட்டும். நீங்கதான் அற்புதம் நடந்தவராச்சே."

விமான நிலையத்தில் சபையே நின்று பாடியது. விநாசித்தம்பியின் கழுத்தில் மாலை கனத்தது. ஆசிரியர்கள் இருவரும் வெளியே போகும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போதகர் கடைசி ஆளாக ஏறினார். அவரைப் பின்னாலிருந்து லேசாகத் தள்ள வேண்டியிருந்தது.

விமானம் ஓடத் தொடங்கியது. பக்கத்து இருக்கையில் யோகம்மா கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடியிருந்தார்.

"ஜெபமா அக்கா?" என்றார் விநாசித்தம்பி.

சக்கரம் தரையை விட்டது. யோகம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"எப்படியும் நீ கழண்டுக்குவேன்னு நம்பித்தானே பாஸ்டரும் சேத்து நாங்க நாலு பேரும் பேரு குடுத்தோம். ஒரு இடுப்பு வலிய ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதா தம்பி ஒனக்கு?"