நஸீர் நானாவின் கையும் என் அறிக்கையும்

நான் யாரைப் பற்றியும் கோள் சொன்னதில்லை. ஒரே ஒருமுறை எழுதியிருக்கிறேன். பதினான்கு பக்கம், படங்களுடன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பொறியியல் படித்து முடித்து, கனடாவில், மிசிசாகாவில் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்து மூன்று மாதம். (அதுவரை போட்டோ கொப்பி இயந்திரத்தைத் தவிர வேறு எதையும் என்னை நம்பி விடவில்லை.) வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு சமூக நிலையத்தின் சறுக்கி விளையாடும் ஐஸ் அரங்கில், தரையை உறைய வைக்கும் பழைய குளிரூட்டி இயந்திரங்களைப் பார்த்து அறிக்கை எழுத என்னைத் தனியே அனுப்பினார்கள். மஞ்சள் தலைக்கவசத்தை வீட்டிலேயே போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

இயந்திர அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் நஸீர் நானா. யாழ்ப்பாணத்து முஸ்லிம், ஐம்பதை நெருங்கியவர். (அவர்கள் அண்ணனை 'நானா' என்பார்கள்.) நான் தமிழ் என்று தெரிந்ததும் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றித் தந்து, அந்த இயந்திரத்தின் நோய்களையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். குளிர் கூடினால் ஸ்டார்ட் ஆகாதாம். சுவிட்ச் பெட்டியில் மரச் சுத்தியலால் தட்ட வேண்டுமாம். ஒழுகிய குழாய்க்குச் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தார். வெப்பநிலை காட்டும் மீற்றர் செத்து இரண்டு வருடம். குழாயில் கையை வைத்துப் பார்த்துத்தான் கொப்பியில் எழுதுகிறாராம்.

"எனக்குக் கை வைச்சாத் தெரியும், தங்கச்சி. எண்டாலும் உது சரியில்லைத்தானே. புது மீற்றர் வேணுமெண்டு மூண்டு தரம் எழுதிக் குடுத்திட்டன்."

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன், அந்தக் கடைசி வசனத்தைத் தவிர. அது தொழில்நுட்ப விஷயம் இல்லை என்று என் அபிப்பிராயம்.

ஆதாரம் காட்டாமல் எழுதக்கூடாது என்று பல்கலைக்கழகத்தில் படிப்பித்திருந்தார்கள். எனவே ஒவ்வொரு குறைக்கும் கீழே அவர் பெயரைப் போட்டேன். 'வெப்பநிலை அளக்கும் கருவி: திரு. நஸீரின் வலது உள்ளங்கை' என்று எழுதிவிட்டு, என் ஆங்கிலத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நிலையத்தின் நிர்வாகக் குழு முன்னால் அறிக்கையை நான்தான் வாசித்தேன். இஸ்திரி போட்ட சேர்ட்டுடன் நஸீர் நானா கடைசி வரிசையில் இருந்தார். உள்ளங்கை வந்ததும் அறையே சிரித்தது. நான் (கைதட்டல் வரும் என்று நினைத்து) கொஞ்சம் நிறுத்தினேன். தலைவி அவர் பக்கம் திரும்பி, இது உண்மையா என்று கேட்டார். அவர் எழுந்து "யெஸ், மேடம்" என்றார். மீற்றர் கேட்டு எழுதிய மூன்று கடிதங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். நானும் சொல்லவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

வெளியே வரும்போது எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்கட பிள்ளையெண்டுதான் சொன்னனான்," என்றார். குரலில் கோபம் இல்லை.

புது இயந்திரம் வந்தது. அதைப் பார்த்துக்கொள்ள வேறொருவர் வந்தார். நஸீர் நானாவை உடுப்பு மாற்றும் அறைகளைக் கழுவ விட்டார்கள். பனி கரையும் முன்பே அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அந்தக் கடிதங்களைப் பற்றி ஒரு திருத்தம் எழுதி அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் புதிதாகச் சேர்ந்த என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று பயந்து, பேசாமல் இருந்துவிட்டேன்.

இதை வீட்டில் ஒருநாள் சிரிப்புக் கதையாகச் சொன்னதுதான் பிழை. இன்றைக்கும் யாராவது ரகசியம் பேசத் தொடங்கினால் என் தங்கை கையைக் காட்டி மறிப்பாள்: "பொறுங்கோ, அக்கா எழுதப் பேனை வைச்சிருக்கிறாவோ எண்டு பாருங்கோ." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு அவர்கள் உண்மையாகவே பேச்சை மாற்றிவிடுவார்கள்.