கொடிக்கம்பமும் ஊரின் மனநிலையும்

"பீட்ரூட் ஊறுகாய் தீந்துருச்சு. போய் வாங்கிட்டு வந்துடறேன்," என்றாள் மனைவி போடில்.

"பெரிய பாட்டிலா வாங்கு," என்றார் தோர்கில், தலையைத் தூக்காமலே.

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். ரயில் பாதையைக் கடந்தால்தான் கடை. அங்கே கேட் கிடையாது, மணி கிடையாது. சோளம் வளர்ந்துவிட்டால் பாதையும் தெரியாது. ரயில் வருவது, வந்த பிறகுதான் தெரியும்.

மறுநாள் தோர்கில், அந்த ஊர் வழக்கப்படி, போடிலின் சாவுக்காகத் தோட்டத்துக் கொடிக்கம்பத்தில் கொடியைப் பாதியில் நிறுத்திக் கட்டினார். வட்டாரப் பத்திரிகையின் நிருபர் காஸ்பர் வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் படம் எடுத்தான்.

"தம்பி, எழுதிக்கோ. கேட் வேணும்னு இந்த ஊர் எத்தனையோ வருஷமா கத்துது. ஒருத்தனும் காதுல போட்டுக்கல. எனக்கு இப்ப அழுகை வரல, ஆத்திரம்தான் வருது."

"புரியுதுங்க. ஆனா கேட்டெல்லாம் போக்குவரத்துச் செய்தி. அது வேற ஆள் பாக்கறாரு. நான் மக்களோட மனநிலை."

'கண்ணீரில் மூழ்கிய கிராமம்' என்று வந்தது. கேட் பற்றி ஒரு வரி இல்லை. ஊரே துக்கம் விசாரிக்கக் கேக்கோடு வந்து அவர் சமையலறையில் அழுதுவிட்டுப் போனது. காபி போட்டுப் போட்டு அவருக்குக் கை ஓய்ந்தது.

அடக்கம் முடிந்ததும் கொடியை உச்சிக்கு ஏற்றினார். உடல் மண்ணுக்குள் போனபின் அப்படிச் செய்வதுதான் வழக்கம். காஸ்பர் கோபன்ஹேகனில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவன்; கொடிக்கம்ப வழக்கமெல்லாம் அவனுக்குத் தெரியாது.

'கண்ணீர் துடைத்துத் தலைநிமிர்ந்தது கிராமம்!'

பக்கத்து வீட்டுக் கிர்ஸ்டன் பத்திரிகையும் கையுமாக வந்தாள்.

"ஏம்ப்பா, குழி ஈரம் காயல, அதுக்குள்ள நாம நிமிந்துட்டோமாமே! யாரு நிமிந்தா? எனக்கு இடுப்பே நிமிர மாட்டேங்குது!"

"நான் ஒண்ணும் சொல்லல கிர்ஸ்டன்."

"காலைல பேப்பரப் பாத்துட்டுத்தான் இன்னிக்கு எந்த மூஞ்சியோட வெளிய வரணும்னு தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு. முதல்ல அந்தக் கொடிய இறக்கு!"

இறக்கினார். வெறும் கம்பமும் படமாக வந்தது: 'கொடியும் இல்லை, நம்பிக்கையும் இல்லை.' சாயங்காலமே பாதிரியார், நம்பிக்கை கொடுப்பதற்காகப் பாட்டுக் குழுவையே அழைத்து வந்தார். ஜன்னலடியில் நின்று நாலு குரலில் பாடினார்கள். தோர்கில் கதவைத் திறக்கவில்லை.

அவர்கள் போனதும் ரம்பத்தை எடுத்துவந்து கம்பத்தை அடியோடு அறுத்தார். அது கிர்ஸ்டனின் கண்ணாடிக் கொட்டகை மேல், தக்காளிச் செடிகளின் நடுவே, சாவகாசமாக விழுந்தது. கிர்ஸ்டன் அலறிய அலறலில் காஸ்பர் எங்கிருந்தோ வந்து நின்றான்.

"ஆஹா! இது கோபம்தானேங்க?"

"மொத நாளே அதத்தானடா சொன்னேன்!"

"அன்னிக்கு சோகத்துக்கான நாளுங்க. இப்பதான் கோபம் சரியா இருக்கும்."

'கொதிக்கிறது கிராமம்!' முதல் பக்கம், முழு அகலம். அறுபட்ட கம்பம், உடைந்த கண்ணாடி, கிர்ஸ்டனின் திறந்த வாய். தோர்கில் போன் செய்தார்.

"கேட் எங்கப்பா?"

"எழுதினேங்க. தக்காளிக்கே இடம் பத்தல. ஆனா பாருங்க, டிவிக்காரங்களே வர்றாங்க! நாளைக்கு உங்க ரயில் பாதையிலேருந்து நேரடி ஒளிபரப்பு, மக்களோட கோபத்தப் பத்தி!"

அன்று மத்தியானம் ரயில்வே வண்டி ஒன்று தன் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்து, தோர்கில் செருப்புக்கூடப் போடாமல் பின்னால் ஓடினார். ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் பாதையின் இரண்டு பக்கமும் சிவப்பு வெள்ளைத் தடுப்பை நட்டுக்கொண்டிருந்தார்கள். மணி இருந்தது. விளக்கு இருந்தது. கொடி வைத்துக்கொண்டு காவலுக்கு ஓர் ஆள்கூட இருந்தான்.

தோர்கில் குளிர்ந்த இரும்பைத் தொட்டுப் பார்த்தார். இத்தனை நாளும் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"வந்துருச்சா... கடைசில போட்டுட்டீங்களே..."

நட்டு முடுக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஐயோ, இது உங்களுக்கு இல்லீங்க பெரியவரே. நாளைக்கு டிவிக்காரங்க நிக்கிற இடத்துல ரயில் வருமாம், யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சுன்னா? அவங்க கிளம்பினதும் கழட்டிடுவோம்."