பின்மூலையில் மாமனார் குடும்பம்

இந்த ஞாயிற்றுக்கிழமை அலைமேல் நின்றே தீருவது என்று பல் டாக்டர் முடிவு கட்டிவிட்டார். வேறு வழியும் இல்லை. படகுக்குப் பின்னால் எழும் அலையில், பிடித்திருக்கும் கயிற்றையும் விட்டுவிட்டு, பலகைமேல் நின்றபடி போவேன் என்று வாரம் முழுக்க நோயாளிகளிடம் அளந்திருந்தார். வாயைப் பிளந்து கிடப்பவர்கள் எப்படி மறுப்பார்கள்? போட்டோ மாட்டக் காத்திருப்பு அறையில் ஆணிகூட அடித்தாயிற்று.

சனிக்கிழமை ஒத்திகையில் அலைதான் எழும்ப மாட்டேன் என்றது. படகின் பின்பக்கத்தில் ஒரு மூலை நன்றாக அமிழ்ந்தால்தான் அந்தப் பக்கம் அலை உயரும். அதற்கென்றே விற்கிற பெரிய பை ஒன்றை வாங்கிப் போட்டு, பம்ப் வைத்து ஏரித் தண்ணீரை நிரப்பினார்.

"படகுக்குள்ள தண்ணி வந்தா வெளிய இறைப்பாங்க. நீங்க பம்ப் வெச்சு உள்ள விடுறீங்க," என்றாள் மனைவி.

"இது பாரம். உனக்குப் புரியாது."

அவளுக்குப் புரிவதற்குள் பை கிழிந்தது. மெத்தை, செல்போன், டாக்டரின் மானம் எல்லாம் நனைந்தன.

அப்போதுதான் அவருக்கு மாமனார் வீட்டு ஞாபகம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து தானாக வராத ஞாபகம். "எல்லாரும் வாங்க மாமா, படகுல ஜாலியா போகலாம்," என்று போனில் குழைந்தார். மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவிக்கு மட்டும் சந்தேகம் தட்டியது.

ஞாயிறன்று மச்சான் படகை ஓட்ட, மாமனாரையும் மாமியாரையும் இடது பின்மூலையில் நெருக்கி உட்கார வைத்தார் டாக்டர்.

"அந்தப் பக்கம் காலியா இருக்கே மாப்பிள்ளை?"

"அங்க வெயில் மாமா."

"இங்கயும் அதே வெயில்தானே?"

"அத்தை, நீங்க இன்னும் கொஞ்சம் ஓரமா..."

மனைவி அவர் காதருகே வந்தாள். "எங்க அப்பா அம்மாவை மூட்டையாக்கிட்டீங்களா?"

"சேச்சே. அது மரியாதையான இடம்."

அலை எழுந்தது. அருமையான அலை. டாக்டர் எழுந்தார், கயிற்றை விட்டார், நின்றேவிட்டார்.

"மாப்பிள்ளை நிக்கிறாருடி," என்றார் எட்டிப் பார்த்த மாமியார். முதுகு காட்டி உட்கார்ந்திருந்த இருவரும் துள்ளி எழுந்தார்கள். நன்றாகப் பார்க்க மாமனார் நடுவுக்கு ஓடினார். முழு ஆளும் போட்டோவில் விழ மாமியார் எதிர்ப்பக்கம் பாய்ந்தார். அலை படுத்தது. டாக்டரும் படுத்தார்.

அடுத்தடுத்த தடவைகளிலும் அதே கதை.

"நான் நிக்கும்போது பார்க்காதீங்க அத்தை," என்றார் டாக்டர், மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்திக்கொண்டே.

"உங்களைப் பார்க்கத்தானே வந்தோம்?" என்று கேட்டார் மாமியார். டாக்டருக்கு உண்மையிலேயே வெட்கமாகிவிட்டது.

"ஒரே வழிதான் இருக்கு," என்றாள் மனைவி. "யார் நின்னாலும் எழுந்து பார்க்காத ஆளு அந்த மூலையில உட்காரணும்."

"அப்படி ஒரு ஆளுக்கு எங்க போறது?"

"நான் முடியைக் குட்டையா வெட்டிட்டு வாரம் பூரா உங்க எதிர்ல நடமாடுறேன். பார்த்தீங்களா?"

டாக்டர் பார்த்தார். ஆமாம், குட்டைதான். அதற்குள் பலகை அவள் கைக்குப் போயிருந்தது.

மாமனாரும் மாமியாரும் சேர்ந்து செய்த வேலையை மூலையில் டாக்டர் தனியாளாகவே செய்தார். அலை முன்னைவிட உயர்ந்தது; மனைவி கயிற்றை விட்டு நின்றாள். மச்சான் விசிலடித்தான். மாமியார் சாவகாசமாகப் போட்டோ எடுத்தார். டாக்டருக்கு முதுகெல்லாம் குறுகுறுத்தது.

பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது. "என்னங்க, ஒரு தடவை திரும்பிப் பாருங்களேன்."

டாக்டர் ஆசையாக எழப் போனார்.

"தலையை மட்டும்."