சுழன்ற குண்டும் நின்றுபோன இன்வெர்ட்டரும்

வாருங்கள், அறிவுள்ள பெருமக்களே! பட்டப்பகலில், குளிரூட்டிய கடைக்குள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அறிவின் கழுத்து அறுபடும் காட்சியைக் காண வாருங்கள். மந்திரவாதியைக் குகையில் தேடாதீர்கள். அவன் காலத்தோடு முன்னேறிச் சோலார் கடைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டான். வெள்ளைக் கோட்டு. கழுத்தில் அடையாள அட்டை. கையில், நூலில் தொங்கும் பித்தளைக் குண்டு.

அலைநிபுணர் என்று பட்டம். வீட்டுக்கு வீடு அலை மாறுமாம். அந்த அலைக்கு இசைந்த இன்வெர்ட்டர்தான் உழைக்குமாம். கூரைத் தகடும் பேட்டரியும் தரும் மின்சாரத்தை வீட்டுக் கருவிகளுக்கு ஏற்றதாக மாற்றுகிற அந்தப் பெட்டியை, எவ்வளவு சுமை தாங்கும் என்று கேட்டு வாங்குவது பாமரர் வழக்கம்! இங்கே வீட்டுச் சாவியைப் பெட்டிமேல் வைத்தால் போதும். குண்டு வட்டமிட்டால் பொருத்தம். நேராக ஆடினால் பொருத்தமில்லை. தங்கநிறப் பட்டை ஒட்டிய விலையுயர்ந்த பெட்டிகளைத் தவிர வேறெதன்மேலும் குண்டு வட்டமிட்டதை எவரும் கண்டதில்லை. குண்டுக்கும் கடை முதலாளிக்கும் அப்படியோர் அலைப் பொருத்தம்!

சாவியும் கையுமாக நின்ற வரிசையில் பொறியாளர் உண்டு, வழக்கறிஞர் உண்டு. முன்வரிசையில், அந்தோ, நம் பகுத்தறிவுப் பேச்சாளரும் உண்டு! மேடையில் அவர் தொண்டையைச் செருமினாலே தாயத்து விற்பவன் கடையைக் கட்டுவான். 'மூடநம்பிக்கையை முறியடிப்போம்' என்ற சிறுநூலை எழுதியவர். விற்காத பிரதிகளைக் கட்டிலுக்கடியில் அடைகாப்பவர். நம்மவர். ஆகவே இந்த வெட்கத்தில் நமக்கும் பங்குண்டு.

அவர் அங்கு வந்தது விளையாட்டுக்கு அல்ல. வீட்டில் நுரையீரல் நொந்த மாமனார் இருக்கிறார். காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துத் தரும் கருவி அவருடைய படுக்கையருகே இரைந்துகொண்டே இருக்கும். சென்ற வாரம் மின்சாரம் நின்றது, கருவியும் நின்றது. மாற்றுச் சிலிண்டரைத் திருகித் திறப்பதற்குள் பெரியவரின் உதடு நீலம் பாய்ந்துவிட்டது.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மனைவி அன்றே சொன்னாள்: "என்னங்க, மெஷின் ஸ்டார்ட் ஆகும்போது கரண்டை ஒரேயடியா இழுக்கும். அதை இன்வெர்ட்டர் தாங்குமான்னு கேளுங்க. கேட்டா மட்டும் பத்தாது, ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. ரிப்பேர்னா யார் வந்து பார்ப்பாங்கன்னும் கேட்டுடுங்க."

"யாருகிட்ட சொல்ற? அக்குவேறா ஆணிவேறா அலசிட்டுத்தான் வாங்குவேன்!"

அலசினார். கடையில் அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "இதுல சாமி, பூதம்னு ஏதாவது இருக்கா?"

"சேச்சே! சுத்த சயின்ஸ்ங்க ஐயா. குவாண்டம்."

அந்த ஒற்றைச் சொல்லில் சிங்கம் பூனையாகிக் காலடியில் சுருண்டது. கடவுள் இல்லை, எனவே மூடநம்பிக்கையும் இல்லை! என்னே தருக்கம்! தாயத்தைத் தேடியே பழகிய கண்ணுக்கு வெள்ளைக் கோட்டு தெரியவில்லை. குண்டு வட்டமிட்டது. போதாக்குறைக்கு, நம்மவர் கடையின் ஒலிபெருக்கியையும் கையில் வாங்கி, "இதுவன்றோ அறிவியல்!" என்று முழங்கினார். தயங்கி நின்ற அண்டை வீட்டாரெல்லாம் அந்த முழக்கத்தை நம்பிச் சாவியை நீட்டினார்கள்.

பெட்டி வீட்டுக்கு வந்தது. நிபுணரே நேரில் வந்து அலையை இணைத்த பிறகுதான் பிரிக்க வேண்டும் என்பது கட்டளை. அவர் வந்த அன்று, வாங்கியவர்களும் வாங்கப்போகிறவர்களும் கூடத்தை நிறைத்தார்கள். மனைவி சாவியைக் கொடுத்தாள்.

"எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துடுங்க சார். எங்கப்பா உயிர் இதை நம்பித்தான் இருக்கு."

குண்டு இறங்கியது. மெல்ல அசைந்தது. பிறகு, அடடா, கடையில் சுற்றியதைவிடப் பெரிய வட்டம்!

நிபுணர் கண்மூடிச் சொன்னார்: "அம்மா, இந்த வீட்டோட மூச்சே இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு!"

கூட்டம் வாயைப் பிளந்தது. நம் பேச்சாளர், தாமே குண்டைக் கண்டுபிடித்தவர்போல் தலை நிமிர்ந்தார். மனைவி கத்தரிக்கோலை எடுத்தாள். ஒட்டுநாடா கிழிந்தது. உள்ளே கட்டுக்கட்டாக, தூசியோடு, 'மூடநம்பிக்கையை முறியடிப்போம்'!

பேச்சாளரின் முகத்தில் வழிந்த அசட்டை அள்ள வாளி போதாது.

"யாரோ பெட்டிக்குள்ள இருந்ததை மாத்திட்டாங்க!" என்று நிபுணர் அலறினார்.

"நான்தான் மாத்தினேன். அது உங்க குண்டுக்குத் தெரியலையே? சாவியும் எங்க வீட்டுச் சாவி இல்ல, லேப் ஃப்ரிட்ஜ் சாவி."

"என்னம்மா இது, நம்பி வந்தவரைச் சோதிக்கலாமா?" என்றார் வழக்கறிஞர்.

"எங்க லேப்ல ரத்தக் குப்பி மேல பேரு ஒட்ட மாட்டோம் சார், நம்பர்தான். யாரோடதுன்னு தெரிஞ்சா, கண்ணு தான் நினைச்சதையே பார்க்கும். குண்டைப் பிடிச்ச கையும் அப்படித்தான்."

உள்ளறையிலிருந்து, மூச்சுக்கு மூச்சு இடைவெளி விட்டு, மாமனாரின் குரல் வந்தது: "மாப்ள... உங்க புத்தகத்துல... பவர் இருக்குன்னு... ஒருத்தராவது ஒத்துக்கிட்டாரே!"

சிரிப்பு அடங்குமுன் அவள் எல்லோரையும் அந்த அறைக்கு அழைத்துப் போனாள். தங்கப்பட்டை இன்வெர்ட்டர் அங்கே சுவரில் மாட்டப்பட்டிருந்தது. எலக்ட்ரீஷியனை வைத்து முன்பே இணைத்திருந்தாள். தந்தையின் மூக்கிலிருந்த பிராணவாயுக் குழாயைச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்தாள். இன்வெர்ட்டர் பச்சை விளக்கைக் காட்டிப் பல்லிளித்தது. பிறகு கருவியின் பொத்தானை அழுத்தினாள். கருவி ஓர் உறுமல் உறுமியது. இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தி, கண் மூடியது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் கீச்!

பேச்சாளர் தாம் வாங்கிய பெட்டியைப் பார்த்தார். சிலிண்டரை நம்பி ஏறி இறங்கும் மாமனாரின் மெலிந்த மார்பைப் பார்த்தார். முழங்கியே பழகிய வாயிலிருந்து வந்தது இரண்டே சொல்: "தப்பு பண்ணிட்டேன்."

அதற்குள் நிபுணர் நழுவினார். அப்போதும் பொறியாளர், வாசல் வரை ஓடி, "சார், எனக்குப் பார்த்துக் கொடுத்தீங்களே, அதாவது சரியா இருக்குமா?" என்று கேட்டாரே, அவரை என்ன செய்ய!

மறுநாள், மாமனாரைச் சிலிண்டரோடு மனைவியின் பொறுப்பில் விட்டுவிட்டு, நம்மவர் அந்தக் கனத்த கருவியைத் தோளில் சுமந்துகொண்டு கடையில் நுழைந்தார். வரிசை அப்படியே நின்றது. ஒலிபெருக்கி வேண்டாம் என்றார். "அன்னிக்கு இங்க நின்னு அறிவியல்னு கத்தினவன் நான்தான். முட்டாள்தனம். இந்த மெஷினை, மெயினை அணைச்சுட்டு, எந்தப் பெட்டி ஓட்டுதோ அதைக் கொடுங்க."

முதலாளி முனகினார். ஆனால் வரிசையே வேடிக்கை பார்த்தது. தங்கப்பட்டைகள் ஒவ்வொன்றாகக் கீச்சிட்டன. மூலையில் தூசி படிந்து கிடந்த பட்டையில்லாப் பெட்டி ஒன்று கருவியை அசையாமல் ஓட்டியது. நம்மவர் அதைச் சாயங்காலம் வரை ஓடவிட்டு, தொட்டுப் பார்த்துச் சூட்டை அறிந்து, பழுது பார்க்க வருபவரின் முகத்தையும் நேரில் கண்ட பிறகே வீட்டுக்கு எடுத்துப் போனார். அன்றிரவு மின்சாரம் போனதை மாமனார் அறியவேயில்லை.

பெருமக்களே! கண்டு சிரித்தது போதும். நாளைக்கே உங்கள் ஊர்க் கடைக்குப் போங்கள். உங்கள் வீட்டில் உயிர் காக்கும் கருவி எதுவோ, அதைத் தூக்கிக்கொண்டு போங்கள். "மெயினை அணை, ஓட்டிக் காட்டு!" என்று கேளுங்கள். வெள்ளைக் கோட்டிடம் கேளுங்கள், தாடிச் சாமியாரிடம் கேளுங்கள், மேடையில் முழங்கும் எங்களிடம் முதலில் கேளுங்கள்! சாவியைக் கொடுத்தது போதும். அதோடு சேர்த்து மூளையையும் கழற்றிக் கொடுத்தீர்களே, அதைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள்!