ஸ்கோப்பில் வைத்த சந்தனம்

ஆயுதங்களைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. இதை ஜெர்மனிக்கு வந்து பல வருடமாக நான் வெளியில் ஒருவரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை. இலங்கைத் தமிழன் என்று சொன்னவுடனே இங்குள்ளவர்கள் ஒரு மாதிரி மரியாதையாகப் பார்ப்பார்கள். போரைக் கண்டவன், துவக்கு பீரங்கியெல்லாம் தெரிந்தவன் என்று அவர்களுக்கு ஒரு எண்ணம். எனக்குத் தெரிந்ததெல்லாம் வெடிச்சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் ஓடுவது என்பது மட்டுந்தான். (அதிலும் இரண்டு முறை பிழையான பக்கம் ஓடியிருக்கிறேன்.) ஆனாலும் அந்த மரியாதையை நான் மறுக்கவில்லை. இலவசமாக வருவதை ஏன் மறுப்பான்?

அந்தப் பொய் மரியாதைக்குத்தான் முருகப்பெருமான் எனக்கு ஒரு நாள் நல்ல பாடம் படிப்பித்தான்.

ஹம் நகரத்தின் ஓரத்தில் எங்கள் வீடு. பக்கத்து வீட்டில் ஹைன்ஸ் அண்ணையும் ஹெல்கா அக்காவும். இருவரும் சுத்த ஜெர்மன்காரர். வயதில் மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட என் மனைவி சாந்திக்கு வாய் வராது, அதனால் வந்த நாளிலிருந்தே 'அண்ணை', 'அக்கா' என்று ஒட்டிவிட்டாள். ஹைன்ஸ் அண்ணை அதை ஏதோ பட்டம் என்று நினைத்து, கடிதப் பெட்டியில் ஒரு நாள் எழுதி ஒட்டவும் பார்த்தார்.

அவர் வேட்டை அனுமதி உள்ளவர். நாங்கள் முட்டை கூடச் சேர்க்காத குடும்பம். முதல் இரண்டு வருடமும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வணக்கம் சொல்வதோடு சரி. பிறகுதான் அவருடைய முக்கியமான வேலை என்னவென்று தெரிந்தது. எங்கள் பக்கத்துப் பெருந்தெருவில் மான்கள் குறுக்கே பாயும். கார் அடித்து, சாகவும் முடியாமல் எழும்பவும் முடியாமல் கிடக்கும் மானுக்கு பொலிஸ் இவரைத்தான் கூப்பிடும். இவர் போய், ரிவோல்வரால் ஒரே வெடி. அந்தச் சீவன் வேதனையிலிருந்து விடுபடும். நாற்பது வருடமாக இதைச் செய்கிறார், ஒரு சதமும் வாங்காமல்.

ஒரு வருடம் கோடை முடிகிற நேரம் ஒரு நாள் ஹெல்கா அக்கா எங்கள் குசினிக்கு வந்து உட்கார்ந்து, தேத்தண்ணியைக் குடிக்காமலே கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"போன கிழமை ஹைன்ஸ் இரண்டாவது தரமும் சுட வேண்டி வந்திட்டுது," என்றார். (அவர் ஜெர்மனில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.) "துவக்கு நுனியில இருக்கிற குறி அவருக்கு இப்ப மங்கல். முதல் வெடி பிசகிப் போச்சு. அந்த மான் அவரையே பார்த்துக்கொண்டு கிடந்ததாம். வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழட்டாமல் கராஜுக்குள்ள இருந்து அழுதார். அனுமதியைத் திருப்பிக் குடுக்கப் போறாராம்."

சாந்தி கண்ணைத் துடைத்தாள். நான் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹெல்கா அக்காவிடம் ஒரு திட்டம் இருந்தது. ரிவோல்வருக்கு மேலே பூட்டிக் குறி பார்க்கிற ஸ்கோப் ஒன்று உண்டாம். அது இருந்தால் வயதான கண்ணுக்கும் குறி தெளிவாகத் தெரியுமாம். ஹைன்ஸ் அண்ணையின் எழுபதாவது பிறந்தநாள் வருகிறது, அவருக்குத் தெரியாமல் வாங்கிக் கொடுக்க வேண்டும். விலை கூடியது ஏலாது, பென்ஷன் காசு. ஹெல்கா அக்காவுக்கோ முழங்கால் வருத்தம், கடை ரயிலில் போகிற தூரத்தில், டோர்ட்முண்ட் நகரத்தில்.

"சிவாவுக்கு இதுகள் தெரியுந்தானே," என்று என்னைப் பார்த்தார்.

சாந்தி என்னைப் பார்த்தாள். அவளுக்கு உண்மை தெரியும். புதுவருடத்துக்குத் தெருப் பொடியன் பட்டாசு கொளுத்தினால் நான் கழிப்பறைக்குள் போய் நிற்பவன் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கணத்தில் நான் "அக்கா, எனக்குத் தெரியாது" என்று சொல்லியிருக்கலாம்.

"ஓம்," என்றேன். "அது பெரிய வேலையே?"

ஹெல்கா அக்கா ஒரு கடதாசித் துண்டில் தேவையான எல்லாவற்றையும் எழுதி, காசு உறையோடு தந்தார். முதல் வரியிலேயே கொட்டை எழுத்தில் 'ரிவோல்வருக்கு' என்று இருந்தது. அந்தச் சொல்லைப் பார்த்ததும் நான் மேற்கொண்டு வாசிக்கவில்லை. மடித்துச் சட்டைப் பைக்குள், கோயில் விபூதிப் பொட்டலத்தோடு சேர்த்து வைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, விரதம், நெற்றி நிறைய விபூதி. வேலைக்கு லீவு போட்டுவிட்டு ரயில் ஏறினேன். கையில் என் ஓர்ட்னர். ஓர்ட்னர் என்றால் கடதாசிகள் அடுக்கிய தடித்த கோப்பு. ஜெர்மனியில் அது இல்லாமல் நான் எங்கேயும் போவதில்லை. பாஸ்போர்ட், வதிவிடப் பதிவு, மூன்று மாதச் சம்பளத் துண்டு, கலியாண எழுத்துப் பத்திரம், மகள் அபியின் பிறப்புச் சான்றிதழ். ஆயுதக் கடை என்றபடியால் தடுப்பூசி அட்டையையும் சேர்த்து வைத்திருந்தேன்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். நான் அகதியாக வந்தபோது விசாரணைக்கு முதல் நாள், எனக்கு முந்தி வந்த பெடியள் ஒரு பாடம் சொல்லித் தந்தார்கள்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஒரு சொல்லுக் கூடினால் கேஸ் போச்சு." அது என் எலும்புக்குள் இறங்கிவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் யாராவது ஜெர்மன்காரர் நின்றால் என் வாய் தானாகப் பூட்டிக்கொள்ளும். பாண் விற்கிற வெதுப்பகத்தில் கூட அப்படித்தான்.

கடைக்குள் போனேன். சுவர் நிறையத் துவக்கு, கொம்பு வைத்த மான் தலைகள். "முருகா" என்றேன் மனதுக்குள். கடைக்காரர் மீசை வைத்த, நல்ல முகமான மனிதர்.

"என்ன பார்க்கிறியள்?"

"ஸ்கோப்."

"எந்தத் துவக்குக்கு?"

"என்ர துவக்கு இல்லை."

"சரி. ஆரின்ர?"

"தெரிஞ்ச ஒருவர்."

"அவருக்கு நீங்கள் வாங்கிறது தெரியுமோ?"

"தெரியாது."

மீசை கொஞ்சம் அசைந்தது. "அவர் அதை எதுக்குப் பாவிக்கிறவர்?"

நான் யோசித்தேன். மானைச் சுடுவதற்கு என்றால் கேஸ் போச்சு.

"நல்ல காரியத்துக்கு," என்றேன்.

கடைக்காரர் என் விபூதியைப் பார்த்தார், பிறகு ஓர்ட்னரைப் பார்த்தார். நிலைமை பிழைக்கிறது என்று விளங்கி, நான் ஓர்ட்னரைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். முதலில் வந்தது கலியாண எழுத்து.

"ஸ்கோப் வாங்க ஒரு கடதாசியும் தேவையில்லை," என்றார் மெதுவாக. "பதினெட்டு வயசு இருந்தால் காணும்." என் நரைத்த தலையைப் பார்த்து, "உங்களுக்குக் காணும்," என்றார்.

மலிவாக எது என்று கேட்டேன். கண்ணாடிப் பெட்டியிலிருந்து இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று சின்னது, பார்க்க ஏழைப்பட்டது. மற்றது நீளமானது, பளபளப்பானது, விலை குறைத்துப் போட்டது. சின்னதை எடுத்துக் கண்ணோடு ஒட்டிப் பார்த்தேன். ஒரே இருட்டு. கடைக்காரர் கையை நீட்டிக் காட்டி வேகமாக என்னவோ சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. "ஓம், ஓம்," என்று தலையாட்டினேன். (வெளிநாட்டில் என் முக்கால்வாசிப் பிரச்சினைகள் இந்தத் தலையாட்டலில் தொடங்கியவை.) பழுதான சாமானை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று தீர்மானித்தேன். பெரியதைக் கண்ணில் வைத்தேன். எதிர்ப்பக்க வெதுப்பகத்தின் பலகை மூக்குக்கு முன்னால் வந்து நின்றது! சூரியகாந்தி விதை போட்ட பாண் இன்று விசேஷம் என்பது வரை வாசித்தேன்.

"இது," என்றேன், ஆயுதம் தெரிந்த ஆள் மாதிரி.

வீட்டுக்குக் கொண்டுவந்த அந்தக் கிழமை நவராத்திரி. ஒன்பதாம் நாள் எங்கள் வீட்டில் தொழில் செய்கிற சாமான் எல்லாம் அம்பாள் படத்துக்கு முன்னால் வரும். அபியின் புத்தகங்கள், சாந்தியின் தையல் மெசின், என் தொழிற்சாலைச் சாவிக்கொத்து. ஸ்கோப்பைப் பார்த்தேன். அதுவும் ஒரு தொழில் சாமான்தானே. அதுவும், ஒரு வாயில்லாச் சீவன் நோகாமல் போவதற்கான சாமான். எடுத்து வைத்தேன். மற்றவைக்கு வைப்பதுபோல அதற்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். எங்கே வைப்பது? மனிதனுக்கு நெற்றியில் வைக்கிறோம். ஸ்கோப்புக்கு நெற்றி எது? இரண்டு முனையிலும் வட்டமாக, அழகாக இருந்த கண்ணாடிதான் என்று எனக்குப் பட்டது. நல்ல தடிப்பாக அப்பினேன். அப்படியே பெட்டிக்குள் போட்டுக் கட்டினேன். பூசைச் சந்தனத்தைத் துடைக்க மனம் வரவில்லை.

பிறந்தநாள் விருந்துக்கு ஹைன்ஸ் அண்ணையின் பச்சை உடுப்புப் போட்ட வேட்டைக்கார நண்பர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். ஹெல்கா அக்கா எங்களுக்கென்று முட்டை போடாமல் தனியாக ஒரு கேக் செய்திருந்தார். ஹைன்ஸ் அண்ணை பெட்டியைத் திறந்தார். குழாயைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னால் சொல்ல முடியாது. ஆசையோடு தூக்கிக் கண்ணில் ஒட்டி வைத்தார்.

வைத்தவர் அப்படியே நின்றார்.

"என்ன தெரியுது, ஹைன்ஸ்?" என்று ஹெல்கா அக்கா கேட்டார்.

"சூரியன் மறையுது," என்றார் அவர்.

குழாயை எடுத்தபோது அவருடைய வலது கண் இமையில் வட்டமாகச் சந்தனமும் நடுவில் குங்குமமும். வீடே சிரித்தது. அபி அவமானத்தில் மேசைக்குக் கீழே போகப் பார்த்தாள். "அப்பா, லின்சேக்கு ஆராவது பொட்டு வைப்பினமோ?" என்று பல்லைக் கடித்தாள். லின்சே என்றால் ஸ்கோப்பின் கண்ணாடி.

பச்சை உடுப்பு நண்பர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக் கையில் வாங்கினார். ரிவோல்வர் பிடிப்பதுபோலக் கையை முன்னால் நீட்டி, அதற்குள்ளால் பார்த்தார். புருவத்தை உயர்த்தினார். "ஹைன்ஸ், இது..." என்று தொடங்கினார். மேசைக்குக் கீழே ஹைன்ஸ் அண்ணையின் சப்பாத்து அவருடைய காலில் ஏறியதை நான் கண்டேன். "...இது நல்ல வடிவான சாமான்," என்று முடித்தார் அந்த மனிதர், முகம் சிவந்து.

நான் கேக் தட்டை மேசையில் வைத்தேன்.

அடுத்த நாள் காலை வேலியடியில் அவரைப் பிடித்தேன். "அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. சரியில்லையோ?"

அவர் தன் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "நல்ல ஸ்கோப், சிவா. நீட்டுத் துவக்குக்கு. அது கன்னத்தோட இருக்கும், கண்ணுக்குக் கிட்ட. ரிவோல்வரைக் கை நீட்டிப் பிடிக்கிறது. அவ்வளவு தூரத்தில இதுக்குள்ள ஒண்டும் தெரியாது."

பழுது என்று நான் தள்ளிவைத்த அந்த ஏழைப்பட்ட குழாய்தான் சரியானது. கடைக்காரர் கையை நீட்டிக் காட்டியது அதைத்தான். நான் சட்டைப் பையைத் தடவினேன். கடைக்குப் போன அதே சட்டை. ஹெல்கா அக்காவின் துண்டு விபூதி படிந்து அப்படியே கிடந்தது. அதன் இரண்டாம் வரி: 'கை நீட்டிப் பார்ப்பது.'

"எனக்குத் துவக்கைப் பற்றி ஒண்டும் தெரியாது, அண்ணை," என்றேன். "ஓடத்தான் தெரியும். பெருமைக்காக ஓம் எண்டிட்டன். இன்னொரு மான் உங்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் அந்தப் பாவம் எனக்குத்தான்."

அவர் மண்வெட்டியை வேலியில் சாத்தினார். "எனக்கும் ஒரு விசயம் சொல்லவேணும்," என்றார். "நேற்றுக் காலமை அனுமதியைத் திருப்பிக் குடுக்கிற கடிதம் எழுதி வைச்சிருந்தன். நீங்கள் அந்தச் சிவப்பு மஞ்சள் எல்லாம் பூசி, ஆருக்காகவோ கும்பிட்டுக் கொண்டுவந்து தந்தியள். கடிதத்தைக் கிழிச்சுப் போட்டன். சரி, வெளிக்கிடுங்கோ, மாத்தப் போவம்."

"இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை, அண்ணை."

"அப்ப நாளைக்கு."

திங்கட்கிழமை இருவரும் போனோம். இந்த முறை நான் வாய்ப்பூட்டைத் திறந்துவிட்டேன். கடைக்காரருக்கு ரிவோல்வரைச் சொன்னேன், மானைச் சொன்னேன், ஹைன்ஸ் அண்ணையின் கண்ணைச் சொன்னேன், ஹெல்கா அக்காவின் முழங்கால், நவராத்திரி, அகதி விசாரணை, என் இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் மூன்று பேர் காத்து நின்றார்கள். கடைக்காரர் சின்னத் தூரிகையால் குழாயின் விளிம்பிலிருந்த குங்குமத்தைத் தட்டியபடி ஹைன்ஸ் அண்ணையிடம் சொன்னார்: "போன முறை இவர் வாயைத் திறக்கேல்லை. இந்த முறை மூடுறார் இல்லை."

ஏழைப்பட்ட குழாயை மாற்றித் தந்தார். நான் கையை நீட்டி அதற்குள்ளால் பார்த்தேன். வெதுப்பகம் பெரிதாகத் தெரியவில்லை, தெளிவாகத் தெரிந்தது.

பிறகு, நல்ல குளிர் தொடங்கிய ஒரு காலை. வேலைக்குப் போக நான் கார்க் கண்ணாடியில் உறைபனி சுரண்டிக்கொண்டிருந்தேன். ஹைன்ஸ் அண்ணையின் கார் வந்து நின்றது. பெருந்தெருவிலிருந்து வருகிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. வேலிக்கு மேலாக ஒரு விரலைக் காட்டினார். ஒரு விரல் மட்டும். வாசலில் நின்ற சாந்தி அதைக் கண்டு உள்ளே போனாள். சுவாமி அறையில் மணி கேட்டது.

என் வீட்டில் இப்போது யாராவது கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாவிட்டால், "என்ன, ஸ்கோப் வாங்கப் போறியோ?" என்று கேட்பார்கள். அபி பள்ளிக்கூடத்தால் பிந்தி வந்து, ஆரோடு போனாய் என்றால், "தெரிஞ்ச ஒருவர்... நல்ல காரியத்துக்கு" என்பாள். எசன் நகரத்திலிருந்து வரும் சொந்தக்காரருக்கு ஹைன்ஸ் அண்ணையே கடைக்காரராக நின்று நடித்துக் காட்டுவார். நான் நானாகவே நிற்பேன், அதற்கு நடிப்புத் தேவையில்லை.

நவராத்திரி ஒன்பதாம் நாள் அவர் தவறாமல் வருவார். துவக்கு இரும்புப் பெட்டிக்குள் பூட்டியிருக்கும், சட்டம் அப்படி. ஸ்கோப்பை மட்டும் கழற்றி, சுத்தமான துவாயில் சுற்றிக் கொண்டுவந்து, அபி சொல்லிக் கொடுத்த தமிழில் என்னிடம் தருவார்: "கண்ணாடியில வேண்டாம்."

பூசை முடிந்து சாந்தி தட்டோடு வருவாள். எல்லோருக்கும் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். அவர் முறை வந்ததும் ஹைன்ஸ் அண்ணை கதிரையில் நிமிர்ந்து இருந்து, வலது கண்ணை மூடி, இமையை விரலால் தொட்டுக் காட்டுவார்.

"இஞ்ச."

சாந்தி அங்கேதான் வைப்பாள்.